நீதிபதி காலமானார்

"எழுந்திரு! எழுந்திருடா சொல்றேன்!"

தவளையைப் பார்த்து அவர் அப்படி அதட்டுவது அது ஐந்தாவது முறை.

தவளை எழுந்திருக்கவில்லை. கண்ணாடித் தொட்டிக்குள், தண்ணீர்க் கிண்ணத்தில், வெளுத்த வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. நாலு கால்களும் நாலு திசைக்கு. அந்த வீட்டில் அவர் அதட்டியும் அசையாமல் கிடந்த முதல் ஜீவன் அதுதான்.

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவருக்கு வேலை. அங்கே எல்லோரும் அவரைப் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷின் சட்டையைத் தின்றுவிட்டது என்று ஒருத்தர் கத்துவார். மெஷின் நடந்து நடந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டது என்று இன்னொருத்தர் கத்துவார். உன் பரம்பரையே விளங்காது என்று மூன்றாமவர் சாபம் கொடுப்பார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க" என்று எல்லோருக்கும் ஒரே குரலில் பதில் சொல்வார் பொறுமை. பதினாறு வருஷமாக ஒரு தடவைகூட அந்தக் குரல் உயர்ந்ததில்லை.

ஆபீசில் விழுங்கியதையெல்லாம் அவர் எங்கேயும் கொட்டாமல் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். செருப்பு கோணலாகக் கிடந்தால் கத்துவார். பேஸ்ட் மூடி திறந்திருந்தால் கத்துவார். யாரும் எதுவும் செய்யவில்லை என்றால், ஏன் இப்படி எல்லோரும் சும்மா இருக்கிறீர்கள் என்று கத்துவார்.

இப்போது தவளை செத்துக் கிடக்கிறது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாத கோபம்.

மகளின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு மூன்று மரத்தவளைகளை வாங்கிக்கொடுத்தது அவரேதான். ரெண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கே தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு பிரசங்கமும் செய்தார். "இது உயிர். பொம்மை இல்ல. பொறுப்பு வேணும். இதுல ஒண்ணு செத்துதுன்னு வெச்சுக்கோ..." அதற்கப்புறம் என்ன என்று அவர் சொல்லவில்லை. மகளும் மனைவியும் கேட்கவில்லை. அவர் மூச்சு வாங்கிய விதமே போதுமானதாக இருந்தது.

துறுதுறுவென்று திரிந்ததற்கு 'வாலு' என்றும், எப்போதும் தூங்கியதற்குத் 'தூங்குமூஞ்சி' என்றும் மகள் பெயர் வைத்தாள். மூன்றாவது நல்ல பருமன். கண்ணுக்கு மேலே தடித்த மடிப்பு. தாடையைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு, நீங்கள் சொல்வது எதையும் நான் நம்பவில்லை என்பதுபோல் பார்க்கும். அதற்கு 'நீதிபதி' என்று பெயர்.

மகள் வாலிபால் போட்டிக்காகப் பள்ளி அணியோடு நேற்றுக் காலைதான் வெளியூர் போனாள். நாலு நாள். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கு வேலை நெட்டி முறிக்கிறது. "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் கிழிக்க வேணாம். நானே பார்த்துக்கறேன். தவளை வளர்க்கறதுன்னா என்னன்னு காட்டறேன்" என்று சொல்லிப் பொறுப்பை வாங்கிக்கொண்டார்.

ஒரே நாள். நீதிபதி போய்விட்டார்.

"சாகறதுக்கு உனக்கு இந்த நாலு நாள்தான் கிடைச்சுதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மனைவி வெளியே வர இன்னும் ஒரு நிமிஷம். பொறுமை தொட்டிக்குள் கையை விட்டார். நீதிபதி வழுக்கிக்கொண்டு ஒரு தடவை நழுவி, இரண்டாம் தடவை சிக்கியது. மேஜைமேல் இருந்த காலி டிபன் பாக்ஸில் போட்டு மூடி அமுக்கியபோது கதவு திறந்தது.

"யாரைத் திட்டிட்டிருந்தீங்க?" என்றாள் மனைவி, தலையைத் துவட்டிக்கொண்டே.

"யாரையும் இல்ல."

அவள் தொட்டியைப் பார்த்தாள். "ரெண்டுதான் தெரியுது."

"நீதிபதி இலைக்கு அடியில தூங்குது."

"அது எப்பவும் கண்ணாடியில ஒட்டிட்டுதானே தூங்கும்?"

"இன்னிக்கு இலைக்கு அடியில தூங்கணும்னு தோணியிருக்கு! அதுக்கும் உங்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

மனைவியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. துண்டை மெதுவாகத் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் வேணா இன்னிக்கு மதியமே வந்து..."

"வேணாம்! யாரும் தொட்டியைத் தொடக் கூடாது! என் பொறுப்பு!"

"சரிங்க" என்றாள் அவள். சண்டைக்கு வராமல் இப்படிச் சட்டென்று சரி என்று சொல்வதும் அவருக்குப் பிடிக்காது. கதவை அறைந்து சாத்திவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். பையில் இரண்டு டிபன் பாக்ஸ். ஒன்றில் சாப்பாடு, ஒன்றில் நீதிபதி.

அவர் போட்ட திட்டம் சுலபமானது. மதிய இடைவேளையில் தவளை வாங்கிய கடைக்குப் போவது. டிபன் பாக்ஸைத் திறந்து காட்டி, இதே மாதிரி ஒன்று கேட்பது. சாயங்காலம் தொட்டியில் விட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இது ஒருத்தருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அவருக்கு அடுத்த மேஜையில் 'மோப்பம்' இருந்தார்.

மோப்பத்துக்குப் பன்னிரண்டு மணி ஆனால் இருப்புக்கொள்ளாது. யார் வீட்டுச் சாப்பாடு என்ன என்று எல்லார் டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைத் திறப்பார். அன்று பொறுமையின் பையில் இரண்டு டப்பாக்கள் இருப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

பொறுமை அப்போது போனில் இருந்தார். மறுமுனையில் ஓர் அம்மாள், தன் மெஷின் தண்ணீரைக் குடிக்கிறது, ஆனால் துப்ப மாட்டேன் என்கிறது என்று அரை மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்த பொறுமை, மோப்பத்தின் கை பைக்குள் போவதைப் பார்த்தார்.

"வேணாம்!" என்றார்.

"என்ன வேணாம்?" என்றார் போனில் அம்மாள்.

"கையை எடுங்க! அதைத் தொடாதீங்க!"

"நான் மெஷின் பக்கத்துலேயே இல்லையே!"

"திறக்காதீங்க! திறந்தீங்க, தொலைச்சிடுவேன்!"

"யாரைய்யா தொலைச்சிடுவே? கொடுய்யா உன் மேனேஜர்கிட்ட!" என்று அம்மாள் அலறுவதற்கும், மோப்பம் மூடியைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது.

மோப்பத்தின் கை தானாக டப்பாவை மேலே வீசிவிட்டது. நீதிபதி வாழ்நாளில் தாண்டாத தூரத்தைத் தாண்டி, ஜெராக்ஸ் மெஷின் மேல் பட்டு, வழுக்கி அதன் அடியில் போய்விட்டது. கூட்டிப் பெருக்கும் அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். நிதானமாகத் துடைப்பத்தை அடியில் விட்டு இழுத்து, முறத்தில் ஏற்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தாள்.

"அது என்னோடது!" என்று பொறுமை கத்தினார்.

ஆபீஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உங்களோட... சாப்பாடா?" என்று கேட்டார், மிகவும் மரியாதையாக.

பதினாறு வருஷமாக அடக்கியது அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் உடைந்தது. சட்டை கிழிந்தவர்கள், சாபம் கொடுத்தவர்கள், மோப்பம், ஜெராக்ஸ் மெஷின், மேனேஜர், மேனேஜரின் மைத்துனர் என்று ஒருத்தரையும் விடவில்லை. மேனேஜருக்கு மைத்துனர் கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"பொறுமை, பொறுமை..." என்றார் மேனேஜர்.

"பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க!"

"இல்ல, நீங்க பொறுமையா இருங்கன்னு சொல்ல வந்தேன். வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க. நாங்க எல்லாரும் இருக்கோம்."

பொறுமை ஆபீசுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தார். குப்பை வண்டி அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். வண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்து, பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

இனி காட்டுவதற்குப் பிணமும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் கதவு திறந்திருந்தது. மனைவி தரையில் மண்டியிட்டிருந்தாள். தொட்டியிலிருந்த இலை, பட்டை, பாசி எல்லாம் செய்தித்தாளில் குவிந்து கிடந்தன. வாலுவும் தூங்குமூஞ்சியும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு விழித்தன.

"தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

மனைவி திடுக்கிட்டு எழுந்தாள். "நீங்க என்ன இந்த நேரத்துல?"

"நீ என்ன இந்த நேரத்துல?"

"பர்மிஷன் போட்டுட்டு வந்தேன். நீதிபதியைக் காணோம். இலை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். செத்துப்போச்சு, என் கையில செத்துப்போச்சு என்று நாலு வார்த்தை. சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"காணோமா? எப்படிக் காணாமப் போகும்? மூடியைத் திறந்து போட்டது யாரு? நீதானே காலையில திறந்து திறந்து பார்த்தே! பொறுப்பு இருக்கா உனக்கு? உயிரைப் பத்தி ஒரு அக்கறை இருக்கா?"

அவள் திருப்பிச் சண்டை போடுவாள், அந்தச் சண்டையில் எப்படியாவது உண்மை வெளியே வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அவள் போடவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"ஆமாங்க. நான்தான் மூடியைச் சரியா மூடலை போலிருக்கு."

"என்னது?"

"என் தப்புதான். பாப்பாகிட்டயும் நானே சொல்லிக்கறேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க. சாயங்காலத்துக்குள்ள கிடைச்சிடும்."

"எங்கேயிருந்து கிடைக்கும்?"

"கிடைச்சிடும்ங்க. நான் ஒரு எட்டு வெளியில போயிட்டு வந்துடறேன்" என்று கைப்பையை எடுத்தாள்.

"எங்கேயும் போக வேணாம்! உட்காரு!"

உட்கார்ந்தாள். மடியில் கைகளை வைத்துக்கொண்டு, நகத்திலிருந்த பாசியை நிமிண்டிக்கொண்டு. காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்த கால்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தேடியிருக்கிறாள். செய்யாத தப்புக்குத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொறுமைக்கு உள்ளே எதுவோ உறுத்தியது. அது என்ன என்று தெரியாததால் அதன் மேலும் கோபம் வந்தது.

"நானே தேடிக்கறேன்!" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்.

தெருவில் நடந்தபடியே மகளுக்குப் போன் போட்டார். பின்னால் பந்து தட்டும் சத்தமும் பெண்களின் கூச்சலும் கேட்டன.

"அப்பா? என்னப்பா? எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"ஏன், நல்லா இருக்காதுன்னு நினைச்சியா?"

"இல்லப்பா! சும்மாதான் கேட்டேன்."

"நீதிபதியோட போட்டோ ஒண்ணு அனுப்பு."

பந்துச் சத்தம் தேய்ந்தது; மகள் தள்ளி வந்திருந்தாள்.

"எதுக்குப்பா?"

"ஆபீஸ்ல காட்டணும். கேட்டா அனுப்பு, எதுக்கு ஆயிரம் கேள்வி?"

"சரிப்பா... பழசா, புதுசா?"

"எதுவா இருந்தா என்ன? ஒரே தவளைதானே!"

"ஆமாப்பா. ஆமாமா. ஒரே தவளைதான்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போட்டோ வந்தது. மகளின் தோளில் உட்கார்ந்துகொண்டு நீதிபதி அவரையே பார்த்தது. இடது கண்ணுக்குக் கீழே, பாலில் தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி. ரெண்டு வருஷமாகப் பார்க்கிற தவளை. இப்படி ஒரு புள்ளி இருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தார். வெறும் பச்சைத் தவளையாக இருந்து தொலைத்திருந்தால் என்ன? இந்த அழகுக்கு ஒரு புள்ளி வேறு!

வளர்ப்புப் பிராணிக் கடையில் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. கடைக்காரர் ஒரு மீன்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார்.

"இங்கே வாங்கின மரத்தவளை செத்துப்போச்சு!" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தார் பொறுமை. கிளிகள் நிறுத்திவிட்டன.

"உங்க கஷ்டம் புரியுது சார்" என்றார் கடைக்காரர்.

அந்த வாக்கியத்தை அடுத்தவர் வாயிலிருந்து கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"என்ன புரியுது? பதினைஞ்சு வருஷம் உயிரோட இருக்கும்னு சொல்லித்தானே கொடுத்தீங்க? ரெண்டே வருஷம்! ரெண்டு வருஷத்துல மண்டையைப் போட்டுடுச்சு! அழுகல் சரக்கைத் தலையில கட்டினீங்களா?"

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "குழாய்த் தண்ணியைப் பிடிச்சு, குளோரின் போகாம உடனே ஊத்தினீங்களா சார்?"

"இல்ல!"

"தொட்டிக் கண்ணாடியை, இந்த ஜன்னல் துடைக்கிற ஸ்பிரே ஏதாவது அடிச்சுத் துடைச்சீங்களா? மரத்தவளை தோலாலேயே எல்லாத்தையும் உறிஞ்சிக்கும் சார். அது ஒரு பொட்டுப் பட்டாக்கூடத் தாங்காது."

நேற்று மகள் போன கையோடு, கண்ணாடியைப் பாரு, ஒரே கறை, ஒரு வேலை ஒழுங்காத் தெரியுதா இந்த வீட்டுல என்று முணுமுணுத்துக்கொண்டு, நீல நிற ஸ்பிரேயை உள்ளும் புறமும் அடித்துப் பளபளவென்று துடைத்தது பொறுமைதான். அப்போது நீதிபதி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணலை!" என்று கத்தினார். குரல் பாதியில் உடைந்தது. இருந்தாலும் விடவில்லை. "என் வீட்டுல வளர்ற மாதிரி எங்கேயும் வளராதுய்யா! ரெண்டு வருஷத்துல ஒரு நாள் உடம்பு சரியில்லைன்னு கிடையாது! ஏன்? என் கண்டிப்பு! நான் இருக்கிற வீட்டுல ஒரு தவளைக்கும் சாகறதுக்குத் தைரியம் வந்ததில்ல! என் வீட்டம்மா நர்ஸ், ஆஸ்பத்திரியில நூறு பேரைப் பார்ப்பா, வீட்டுல ஒரு மூடியைச் சரியா மூடத் தெரியாது. என் பொண்ணு ஊருக்குப் போயிருக்கா, வாலிபால் ஆட. நாளன்னைக்கு வந்துடுவா. வந்து தொட்டியைப் பார்த்து, அப்பா, எங்கேப்பான்னு கேட்டா..."

நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். பக்கத்தில் இருந்த முயல் கூண்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார், கடைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி. "அழ மாட்டா. சண்டை போட மாட்டா. என்னைப் பார்த்து ஒண்ணுமே சொல்லாம உள்ளே போயிடுவா. அதைத்தான் என்னால தாங்க முடியாது. எனக்கு அதே மாதிரி ஒண்ணு வேணும். அச்சு அசலா வேணும். அவளுக்கும் தெரியக் கூடாது, வீட்டம்மாவுக்கும் தெரியக் கூடாது. கண்ணுக்குக் கீழ... இருங்க, போட்டோ இருக்கு. நீதிபதின்னு பேரு."

போனை எடுக்கப் போன அவர் கையைக் கடைக்காரர் லேசாகத் தொட்டு நிறுத்தினார்.

"பேரு என்ன சொன்னீங்க?"

"நீதிபதி. ஏன்?"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரையை விலக்கி உள்ளே போனார். ஏதோ மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, காற்றுத் துளை போட்ட சின்ன டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்தார். உள்ளே பருமனான ஒரு பச்சைத் தவளை, தாடையைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு, இடது கண்ணுக்குக் கீழே வெள்ளைப் புள்ளியோடு, பொறுமையை ஏற இறங்கப் பார்த்தது.

"எப்படிய்யா?" என்றார் பொறுமை. "போட்டோவைக்கூட நான் இன்னும் காட்டலையே!"

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் கடைக்காரர். "'அவருக்கு மட்டும் தெரியக் கூடாது, தெரிஞ்சா கத்துவாரு'ன்னு சொல்லி உங்க வீட்டம்மாவும் பாப்பாவும் மாத்தி மாத்தி வந்து வாங்கிட்டுப் போறதால, புள்ளி வெச்சது வந்தாலே உங்க வீட்டுக்குன்னு தனியா எடுத்து வெச்சிடுவேன், இது உங்களுக்குப் பத்தாவது நீதிபதி."